மூன்று சாண்

மூக்காண்டி சுற்றறிக்கை நோட்டோடு ஒரு கத்தரிக்கோலையும் கோந்து டப்பாவையும் சேர்த்து மேசையில் வைத்தபோதே செண்பகவடிவு டீச்சருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் சிறுதேர்வுக் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தவில்லை. முழுக்க எழுதி, கேள்விக்கு அடியில் ஒரு கோடும் இழுத்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் நோட்டைத் திறந்தாள். காக்க வைக்க வேண்டும் என்றுதான். ஆனால் காத்து நின்றது மூக்காண்டி அல்லவா, அனுப்பிய தலைமையாசிரியர் தாணுமூர்த்தி தன் அறையில் மின்விசிறிக்குக் கீழே சௌக்கியமாக உட்கார்ந்திருப்பார், பியூன் வேலை பார்க்கிற இந்த மனுஷன் என்ன பாவம் செய்தார் என்று உடனே தோன்றி வெட்கமாகவும் போயிற்று. அந்த நோட்டில் எப்போதும் எல்லா ஆசிரியர் பெயரும் வரிசையாக இருக்கும், படித்தவர் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் படித்தேன் என்று மட்டும் அர்த்தமில்லை, செய்கிறேன் என்றும் அர்த்தம். இன்றைய பக்கத்தில் ஒரே ஒரு பெயர். ‘ஏழாம் வகுப்பு அறையில் ஒட்டப்பட்டுள்ள பள்ளி நூற்றாண்டுக் காலக்கோட்டில் 1949 முதல் 1952 வரை காணப்படும் வெற்றிடத்தை வெட்டி இணைத்தோ அல்லது தக்கவற்றால் நிரப்பியோ, தாளாளரும் விழாக் குழுவினரும் பார்வையிட வரும் முன், காலை 11 மணி இடைவேளைக்குள் சரிசெய்ய வேண்டும்.’ அதற்குக் கீழே தாணுமூர்த்தி சாரின் சுருண்ட கையெழுத்து. “சார் குடுத்து விட்டாவ டீச்சர். பெல் அடிக்கதுக்கு முன்னால வந்து வாங்கிக்கிடுதேன்” என்றார் மூக்காண்டி, கத்தரிக்கோலைப் பார்க்காமல். மணி பத்து இருபத்திரண்டு. அந்தக் கத்தரிக்கோலை அவளுக்குத் தெரியும். ஆபீஸ் பீரோவில் இருப்பது, ஆண்டு விழாவில் ரிப்பன் வெட்டுவதற்கு மட்டும் வெளியே வருவது, நாளை நூற்றாண்டு விழாவிலும் அதுதான் வெட்டப்போகிறது. ஒரு நாள் முன்னதாகவே அதற்கு வேலை வந்துவிட்டது.

முப்பத்திரண்டு தலைகள் குனிந்துவிட்டன. 1526 முதல் 1707 வரை காலக்கோடு வரைந்து ஐந்து நிகழ்வுகளைக் குறி, அளவு ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு. பானிபட் போர், அக்பர் பட்டத்துக்கு வந்தது, ஜஹாங்கீர் வந்தது, ஔரங்கசீப் வந்தது, அவர் செத்தது. செத்தது என்று எழுதக் கூடாது, மறைவு என்று எழுத வேண்டும், ஆனால் பிள்ளைகள் செத்தது என்றுதான் எழுதும், அவள் அதற்கு மார்க் குறைப்பதில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். மூன்றாம் பெஞ்சில் ஒரு நோட்டில் ஐந்து புள்ளிகளும் சமமான இடைவெளியில் வரிசையாக நின்றன. இது எல்லாப் பிள்ளையும் செய்கிற தப்பு. ஐந்து நிகழ்வு என்றால் ஐந்து புள்ளி, நடுவில் முப்பது வருஷமா ஐம்பது வருஷமா என்பது கணக்கே இல்லை. சோசியல் டீச்சராக ஏழு வருஷத்தில் அவள் தொண்டை கட்டியது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். முகலாயரா மராத்தியரா என்று மறந்து போகட்டும், போருக்கு வருஷம் மறந்து போகட்டும், போனால் போகிறது. ஒன்றும் நடக்காத வருஷத்துக்கும் இடம் விட வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. ராஜா வராத வருஷத்திலும் சனம் இருந்திருக்கும், பிள்ளை பெற்றிருக்கும், பசித்திருக்கும், அந்த வருஷத்தை விழுங்கிவிட்டு அடுத்த பட்டாபிஷேகத்துக்குத் தாவினால் அது வரலாறு இல்லை, கல்யாணப் பத்திரிகை அடிப்பது. இதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளே அவளைப் போலக் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டும். இடம் விடணும்லே. இடைவேளையில் அவள் காதுபடவே சொல்லும். அவள் கேட்காதது மாதிரிப் போய்விடுவாள், உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இப்போது அதே இடத்தைத்தான் வெட்டச் சொல்கிறார்கள். அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போயிற்று. கரும்பலகைக்குப் பக்கத்தில் 1925இல் தொடங்கி, சன்னல்களுக்கு மேலாக, பின்சுவரைத் தாண்டி, நாலு சுவரையும் சுற்றிக்கொண்டு திரும்பவும் கரும்பலகைக்கு வரும் வெள்ளை சார்ட். ஒரு வருஷத்துக்கு ஒரு சாண் என்று முடிவானதும் யாருடைய சாண் என்று அரைப் பீரியட் சண்டை நடந்தது. ஒவ்வொருத்தன் கையும் ஒரு நீளம். பெரிய கை உள்ளவன் வரைந்தால் வருஷம் பெரிசாகிவிடும் டீச்சர் என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தபோது, இதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று அவளுக்கு இருந்தது. கடைசியில் டீச்சர் சாண் என்று முடிவாயிற்று. அதனால் தருவைக்கரை நடுநிலைப் பள்ளியின் நூறு வருஷமும் செண்பகவடிவின் வலது கையால் அளந்தது. ஓடு போட்ட வருஷம், மின்சாரம் வந்த வருஷம், புயலில் வேப்பமரம் விழுந்த வருஷம், முதல் பெண் தலைமையாசிரியர், சத்துணவு, கழிப்பறை, கம்ப்யூட்டர் என்று இருபத்து மூன்று பிள்ளைகள் வண்ணம் தீட்டினார்கள், மற்றவர்கள் எழுத்து. இருபத்து நாலு சாணுக்கு அப்புறம் மூன்று சாண் ஒன்றுமில்லை. வெறும் கோடு, மேலே பென்சிலில் சின்னதாக ஒரு குறிப்பு. அதுவும் வந்தவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வாசலுக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள், அளவு அங்கேதான் கொண்டுபோய் விட்டது. உப்புக் காற்றில் இந்தச் சுவர் காரை உதிர்க்கும், எதுவும் நிலைத்து ஒட்டாது, அந்த இடத்தில் மட்டும் சார்ட்டின் கீழ் ஓரம் இரண்டு நாளாகத் தூக்கிக்கொண்டு படபடக்கிறது. நேற்று வந்து பார்த்த தாணுமூர்த்தி சார் அந்தப் படபடப்பைக் கையால் அமுக்கியபடியே சொன்னார், மூணு வருஷம் பல்லு விழுந்த மாதிரி இருக்கே டீச்சர், பார்க்கிறவங்க என்னன்னு கேப்பாங்கல்லா. கேட்கட்டுமே சார் என்றாள். அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறவர், கெட்ட மனுஷரும் இல்லை, தன் பென்ஷன் காகிதங்களைத் தவிர எதிலும் கோபம் வராதவர். வெட்டி ஒட்டிருங்க, நமக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம் என்றார். அளவு தப்பாயிரும் சார் என்று இவள் சொன்னதை அவர் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

விளையாட்டாகத்தான் தொடங்கியது. நூற்றாண்டு மலரில் பழைய மாணவர் பட்டியல் போட வேண்டும், ஆபீசில் எழுத ஆளில்லை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து எழுதட்டும் என்று நிர்வாகமே கொடுத்தது. தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள், அட்டை கிழிந்திருந்த பதிவேட்டைப் புதுத் துணியில் கட்டி. பிள்ளைகள் எழுதினால் எழுதும், படிக்காது என்று நினைத்தார்கள் போல. பிள்ளைகளைத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினால் இப்படித்தான் ஆகும். முத்தரசிதான் முதலில் கேட்டாள், இரண்டாம் பெஞ்சு, உப்பளத் தெரு, எதையும் எழுந்து நின்று கேட்கிறவள். நானூற்றிப் பன்னிரண்டு 1949 ஜூன்ல இருக்கு டீச்சர், நானூற்றிப் பதிமூணு 1952 ஜூன்ல இருக்கு, நடுவுல யாருமே சேரலையா? அதை நினைத்தால் செண்பகவடிவுக்கு இப்போதும் காது மடல் சுடுகிறது. ஏனென்றால் அவள் அன்றைக்குச் சொன்னது, கேள்வி கேக்காம எழுதுட்டி, சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும். சொன்னாளே. இடம் விடணும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இடம் இருக்கிறது என்று காட்டிய பிள்ளையை அமுக்கி உட்கார வைத்தாளே. முத்தரசி உட்கார்ந்தாள். ஆனால் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் தன் தாளில் மூன்று வரி விட்டுத்தான் எழுதினாள். மாலையில் தாளை வாங்கிப் பார்த்தபோது அந்த மூன்று வரி வெள்ளை இவளைப் பார்த்தது, அப்புறம்தான் இவள் பதிவேட்டை வாங்கி உட்கார்ந்தாள்.

எல்லாம் அதிலேயே இருந்தது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. 1949 ஜூன் இருபதாம் தேதி உப்பளத் தெருவிலிருந்து ஐந்து பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் கிடையாது. எண் 408 முதல் 412 வரை, தந்தை தொழில் என்ற இடத்தில் ஐந்துக்கும் உப்பு வேலை. அடுத்த திங்கட்கிழமை, இருபத்தேழாம் தேதி, அறுபத்தோரு பேர் நீங்கியிருக்கிறார்கள். ஒரே நாள், ஒரே மை, ஒரே கை. நீங்கிய காரணம் என்ற பத்தியில் அறுபத்தோரு தடவை வெளியூர் செல்கிறார், வெளியூர் செல்கிறார். பள்ளியில் மொத்தம் அறுபத்தாறு. அறுபத்தொன்று போனால் மீதி அந்த ஐந்து. ஐந்து பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று மூடிவிட்டார்கள், கூரை பழுது என்று சொல்லி. மூன்று வருஷம். ஊரே கிளம்பி எந்த வெளியூர் போயிற்று? அவள் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு வீடும் தெரிந்த வீடு, மளிகைக் கடைக்காரர் வீடு, பெரியவீடு, அந்தப் பெரியவீட்டுப் பையன்தான் இப்போதைய தாளாளரின் அப்பா, அதற்கும் கீழே எண் 377, உலகநாதன், வயது எட்டு, வெளியூர் செல்கிறார். உலகநாதன் அவளுடைய அப்பா. எண்பத்து நாலு வயதில் ஒரு நாள்கூட இந்த ஊரைவிட்டு வேறு ஊரில் குடியிருக்காத அப்பா.

அது வெறுமனே அப்பா பெயர் என்றால் அவள் தாங்கியிருப்பாள். வண்டிக் கதை அல்லவா அவளை வெட்டிப் போட்டது. சின்ன வயதில் அப்பா நாலு மைல் தள்ளி அடுத்த ஊருக்கு மாட்டு வண்டியில் போய்ப் படித்த கதை. பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஒரே வண்டியில், மழையில் சக்கரம் புதைந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவது, கட்டுச்சோறு, புளியங்காய். அவ்வளவு சந்தோஷமான கதை. ஏழு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் அவள் அதைப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள், இந்த ஜூனிலும் இதே வகுப்பில் சொன்னாள், எங்க அப்பா அந்தக் காலத்துல நாலு மைல் போய்ப் படிச்சாங்க, உங்களுக்கு வாசல்லயே ஸ்கூல் இருந்தும் லீவு போடுதீங்க. முத்தரசியிடமும் சொன்னாள். உப்பளத் தெருப் பிள்ளைகள் ஆறு பேரும் வாயைத் திறந்து கேட்டன, கடைசியில் கைகூடத் தட்டின. இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது என்றுதான் அந்த வண்டி கட்டினார்கள் என்று தெரியாமல் இவள் சொன்னாள், தெரியாமல் அவை தட்டின. தெரியாது என்பது ஒரு சமாதானமா? சான்று எங்கே என்று பிள்ளைகளை எதற்கெடுத்தாலும் கேட்கிறவள் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம், எதற்கு அப்பா மூன்று வருஷம் மட்டும் வண்டியில் போனீர்கள் என்று. கேட்கவே தோன்றவில்லை. கதை நன்றாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கணக்கு கிரேஸ்லின் டீச்சர், கையில் ஜியாமெட்ரி பாக்சோடு, பாதி உள்ளே வந்தே விட்டாள். எப்போதும்போல, போர்ஷன் முடியலை, கமிட்டி வந்தால் கணக்கைத்தான் கேட்பார்கள், இந்தப் பீரியடைக் கொடுத்துவிடுங்கள், சோசியல்தானே, வீட்டில் படித்துக்கொள்வார்கள். சோசியல்தானே என்பது இந்தப் பள்ளியில் ஒரு வசவு இல்லை, வழக்கம். பி.டி. பீரியடும் சோசியல் பீரியடும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. போன வருஷம் கொடுத்த பீரியடுகளை எண்ணினால் ஒரு பருவமே போயிருக்கும். அங்கேயும் யாரும் இடம் விடவில்லை, அசோகரிலிருந்து நேரே ஹர்ஷருக்கு ஓட வேண்டியதாயிற்று. செண்பகவடிவு வழக்கமாகச் சிரித்துக்கொண்டே டஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியேறுவாள். இன்று கால் நகரவில்லை. தர முடியாது டீச்சர் என்றாள். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. கிரேஸ்லின் புரியாமல் நின்றாள், அப்புறம் மேசையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள், புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “வடிவு, உங்க ஃபைலு தாளாளர் மேசைலதான இருக்கு. மூணு சாணு பேப்பருக்காக ஏன்?” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொல்கிறவர்களிடம் கோபப்படவும் முடியாது, அதுதான் எரிச்சல். போன பிறகு வகுப்பில் யாரோ மெல்ல, கணக்குப் பீரியடு இல்லடா என்று சொல்ல ஒரு சந்தோஷ முனகல் எழுந்து அடங்கியது.

ஃபைல் அங்கேதான் இருக்கிறது. பணி நியமன ஒப்புதல் கேட்டு ஏழு வருஷமாகப் போகிறது, திரும்புகிறது, ஒரு முத்திரை குறைகிறது, ஒரு நகல் குறைகிறது. இந்தத் தடவை எல்லாம் சரியாக இருந்து தாளாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, விழா முடியட்டும் என்று வைத்திருக்கிறார். அவர் போட்டால் நாற்பத்தைந்து வயதில் அவள் நிரந்தர ஆசிரியை. போடாவிட்டால் வருகிற ஜூனில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்க அவருக்கு உரிமை உண்டு. புருஷன் காலையில் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொன்னார், வெட்டி ஒட்டிட்டு வா, நீ பாடம் நடத்துறதுக்கு ஸ்கூல் வேணும்லா. அதுவும் நியாயம்தான். வேலை இருந்தால்தானே இன்னும் பதினைந்து வருஷம் இடம் விடச் சொல்லலாம், இந்த மூன்று சாணை விட்டுக்கொடுத்தால் அடுத்து வருகிற எத்தனை வகுப்புக்கு. மணி பார்த்தாள். பத்து நாற்பது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள், எக்கி நின்று கையை விரித்துக் கோட்டின் மேல் வைத்தாள். 1949க்கும் 50க்கும் நடுவில் ஒரு சாண். இன்னொரு சாண். இன்னொரு சாண். வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துக் கோந்து தடவினால் ஐந்து நிமிஷ வேலை, பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மற்ற வருஷமெல்லாம் மூன்று சாண் நகர்ந்துவிடும், கரும்பலகைப் பக்கம் கடைசியில் மூன்று சாண் சுவர் மொட்டையாக நிற்கும். எங்கே வெட்டினாலும் அது எங்கேயோ போய் நிற்கத்தான் செய்யும். இத்தனை வருஷம் அது அப்பாவின் மாட்டு வண்டிக் கதையாகப் போய் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஏழெட்டுப் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டு அவள் கையிலிருந்த கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தன. முத்தரசி மட்டும் பார்க்கவில்லை. அவள் ஸ்கேலை வைத்து 1556க்கும் 1605க்கும் நடுவில் புள்ளி எதுவும் வைக்காமல் கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டரைக் கவனமாகத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டுவிட்டாள். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது. நாப்பத்தொம்பதுல ஏம்பா ஸ்கூல மூடுனாங்க? அப்பா டிவியைப் பார்த்தபடியே, “ஓடு மாத்துனாவ ம்மா” என்றார். மூணு வருஷமாவா ஓடு மாத்துனாங்க? அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். செய்தி வாசிக்கிறவள் கத்தினாள். செண்பகவடிவுக்கு ஆத்திரமாக வந்தது, இந்த மனுஷனிடம் முதல் தடவையாக, வயதைப் பார்க்காமல், உடம்பைப் பார்க்காமல், ரிமோட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். அரிசி களைந்துகொண்டிருந்தபோது டிவிச் சத்தம் நின்றது. அப்பா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலி டம்ளரோடு. “வேலாண்டின்னு ஒரு பய. ஒரு வாரந்தான் வந்தான். சிலேட்டுல அவன மாதிரி எழுத்து எவனுக்கும் கிடையாது” என்றார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். எழுபத்தாறு வருஷத்தில் அவ்வளவுதான். பதிவேட்டில் எண் 410 வேலாண்டி, வயது ஏழு. அப்பா அந்த ஒரு வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவன் சிலேட்டை எட்டிப் பார்த்திருக்கிறார், ஒருவேளை பார்த்துக் காப்பிகூட அடித்திருப்பார், அப்புறம் திங்கட்கிழமை வண்டியில் ஏறிவிட்டார். எட்டு வயதுப் பையன் வேறென்ன செய்வான், ஏறு என்றார்கள், ஏறினான். சரி. நாற்பத்தைந்து வயது டீச்சரும் ஏறு என்றால் ஏறுவாளா?

ஏற மாட்டாள். அதை அவள் தீர்மானித்ததாகக்கூடச் சொல்ல முடியாது, கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைக்குத் திரும்பி வந்து வைத்துவிட்டாள், வைத்த சத்தம் கேட்டபோதுதான் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தது. நோட்டை இன்னொரு தடவை படித்தாள். வெட்டி இணைத்தோ அல்லது தக்கவற்றால் நிரப்பியோ. பூங்கொடி வரையச் சொல்கிறார் தாணுமூர்த்தி சார், கோலம் போடச் சொல்கிறார், தேசியக் கொடி ஒட்டினால் இன்னும் சந்தோஷப்படுவார். தக்கது எது என்று தீர்மானிக்க இந்த அறையில் சோசியல் படித்தவள் அவள் ஒருத்திதான். இத்தனை நாள் வெறுமனே விட்டு வைத்ததுகூடப் பாதிதான் சரி என்று இப்போது தோன்றியது. அந்த மூன்று வருஷம் ஒன்றும் நடக்காத வருஷமே இல்லையே. பள்ளிக்கூடம் மூடியிருந்தது என்று கோட்டுக்கு மேலே பிள்ளைகள் சின்னதாகப் பென்சிலில் எழுதியிருந்தார்கள், யாருக்கு மூடியிருந்தது? வண்டியில் போனவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. பேப்பரை மடக்கி வையுங்கள் என்றாள். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே டீச்சர் என்று முனகல் வந்தது. மடக்கு என்றாள். மேசை டிராயரிலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள், பட்டையாக எழுதுவது. ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறி நின்றாள். பெஞ்சு ஆடியது, இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து பிடித்துக்கொண்டன. “முத்தரசி, பதிவேட்டப் பாத்து நீ எழுதுன தாள எடு. நானூத்தி எட்டுல இருந்து சத்தமா வாசி.”

முத்தரசி எழுந்து நின்று வாசித்தாள். அவளுக்கு வாசிக்கும்போது எண்ணையும் சேர்த்து வாசிக்கிற பழக்கம். நானூத்தி எட்டு, கருப்பாயி, தகப்பனார் பெயர் சுப்பன், வயது ஆறு. செண்பகவடிவு பெரிய எழுத்தில் எழுதினாள், சார்ட்டின் உயரம் கொள்ளுமட்டும். நானூத்தி ஒம்பது, இருளப்பன், தகப்பனார் பெயர் முனியன். சார்ட்டின் ஓரம் காற்றில் அடித்துக்கொண்டது, இடது கையால் பிடித்துக்கொண்டே எழுதினாள். நானூத்திப் பத்து, வேலாண்டி. அந்தப் பெயரை எழுதும்போது அவள் அவசரப்படவில்லை, ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வரட்டும் என்று சிலேட்டில் எழுதுகிற பிள்ளையைப் போல நிறுத்தி எழுதினாள், கண் கலங்கியது, கலங்கட்டும் என்று விட்டுவிட்டாள். நானூத்திப் பதினொண்ணு, சொர்ணம், தகப்பனார் பெயர் மாடசாமி. நானூத்திப் பன்னிரண்டு, பேச்சி. ஐந்து பெயரும் மூன்று சாணுக்குச் சரியாக இருந்தது, ஒரு விரல்கூட மிச்சமில்லை. முத்தரசி உட்காரவில்லை. “டீச்சர், மத்தவங்க எல்லாருக்கும் நீங்குன தேதி இருக்கு. இவங்க அஞ்சு பேருக்கும் அந்த எடம் சும்மா கெடக்கு.” ஆமாம். அதை அவளும் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சொல்லத் தெரியாமல் இருந்தாள். யாரும் அவர்கள் பெயரை நீக்கவில்லை, நீக்குகிற அளவுக்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை. பெஞ்சின் மேலிருந்தே திரும்பி முப்பத்திரண்டு முகத்தையும் பார்த்தாள். “அப்போ அவங்க இன்னும் நம்ம ஸ்கூல்தான்” என்றாள். முத்தரசி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள், கணக்குச் சரியாக வந்ததைப் பார்த்துக்கொண்ட பிள்ளையாக.

இன்னொன்றும் பாக்கி இருந்தது, அதைச் சொல்லாமல் இறங்கினால் இவ்வளவும் வேஷம். ஜூன் மாசம் நான் சொன்ன மாட்டு வண்டிக் கதை ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். இருக்கிறது என்றன எல்லாம். அந்த வண்டி இந்த மூன்று சாணுக்குள்தான் போயிற்று, இந்த ஐந்து பேரோடு உட்கார மாட்டோம் என்றுதான் போயிற்று, எங்கள் அப்பா அதில் இருந்தார், அந்தக் கதைக்கு நீங்கள் கை தட்டியிருக்கக் கூடாது, நான் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். உப்பளத் தெரு ஆறும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொன்னாளா என்று பிற்பாடு யோசித்தால் அவளுக்கு நினைவு வராது, சொன்னது போலத்தான் இருந்தது.

பத்து ஐம்பத்தாறுக்கு மூக்காண்டி வந்தார். அதற்குள் பள்ளி வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டது, தாணுமூர்த்தி சார் வாங்க வாங்க என்று ஓடுவதும் கேட்டது. செண்பகவடிவு நோட்டைத் திறந்து தன் பெயருக்கு எதிரே எழுதினாள். ‘படித்தேன். 1949 முதல் 1952 வரை சேர்க்கைப் பதிவேட்டின்படி நிரப்பப்பட்டது. ஒன்றும் வெட்டப்படவில்லை.’ கையெழுத்து, தேதி, நேரம். நோட்டை நீட்டினால் வாங்க ஆளில்லை. மூக்காண்டி எதிர்ச் சுவருக்கு முன்னால் நின்று, உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். நாலாவது பெயரில் நின்றார். “மாடசாமி மவ சொர்ணமா?” என்றார். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றாள். அவர் அந்தப் பெயரை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டினார். “எங்க அம்மைக்கு அக்கா. சாகுத மட்டும் உப்பளத்துலதான் கெடந்தா. பள்ளிக்கூடம் போனேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல டீச்சர்.” ஒரு வாரந்தானே அண்ணே போனாங்க என்று சொல்ல வந்தவள் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். வராந்தாவில் செருப்புச் சத்தங்கள் ஆறாம் வகுப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தன, தாளாளரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவள் போய்க் கதவை, சாத்தியிருந்த ஒரு பக்கத்தையும் சேர்த்து, முழுதாகத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். வரட்டும். கேட்கட்டும், யார் இவர்கள் என்று. மூக்காண்டி மேசைக்கு வந்தார், கத்தரிக்கோலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோந்து டப்பாவைத் திறந்தார். “ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கி டீச்சர், காத்துக்குப் பிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுச் சுவருக்குத் திரும்பிப் போய், சார்ட்டின் அடியில் விரலால் கோந்தைத் தடவி, கருப்பாயியில் தொடங்கிப் பேச்சி வரைக்கும், உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி ஒட்டினார்.